வெயில் தின்ற புள்ளி

காளவாசல் நல்லகாமனிடம் மணி என்ன என்று கேட்டால் வானத்தைப் பார்க்க மாட்டான். கடிகாரத்தையும் தேட மாட்டான். நாக்கை வெளியே நீட்டி, கீழ்க்கண்ணால் அதன் நுனியைப் பார்த்துவிட்டு, "அரை வெத்தலை ஆச்சு" என்பான். கேட்டவன் தலையில் அடித்துக்கொண்டு போவான். ஆனால் ஐயா, அந்த மனுசன் கிறுக்கன் இல்லை. அவன் பார்த்த தொழிலுக்கு அந்த நாக்குதான் கடிகாரம்.

தொழிலைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பின்னால் நடந்த கூத்து விளங்காது. நல்லகாமன் பிறந்தது மதுரைக்கு மேற்கே ஒரு சம்சாரி வீட்டில். ஏர் பிடிக்க உடம்பு வணங்கவில்லை. பதினாறு வயதில் மதுரைக்கு ஓடி வந்து, கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதப் பழகி, பிறகு ஒரு போட்டோ ஸ்டூடியோவில் இருட்டறை வேலைக்குச் சேர்ந்தான். அங்கேதான் அந்த ரகசியம் அவன் காதில் விழுந்தது. தச்சர்கள் மரம் ஒட்டுகிற வச்சிரப் பசையைக் காய்ச்சி, சாயக்கடையில் விற்கிற நாரத்தம்பழ நிறத்து உப்பு ஒன்றை அதில் கலக்க வேண்டும். கலந்துவிட்டால் அந்தப் பசைக்கு வெயில் ஆகாது. வெயில் பட்ட இடம் இறுகிப்போகும். நிழல் விழுந்த இடம் மட்டும் வெந்நீரில் கரையும்.

இதை வைத்து என்ன செய்வது என்று கேட்பீர்கள். மெல்லிய பட்டுத்துணியை ஒரு மரச்சட்டத்தில் விறைப்பாக இழுத்துக் கட்டி, இருட்டறையில் அந்தப் பசையைப் பூசிக் காயவைப்பான். எண்ணெய்க் காகிதத்தில் கறுப்பு மையால் எழுத்தை எழுதி, துணிமேல் அதை வைத்து, மேலே கண்ணாடியைப் போட்டு, மொட்டைமாடி வெயிலில் காட்டுவான். பிறகு கழுவினால் எழுத்தின் நிழல் விழுந்த இடமெல்லாம் பசை கரைந்து துணி திறந்துகொள்ளும். அந்தத் திறப்பு வழியாக ரப்பர் பட்டையால் மையை இழுத்தால் கீழே வைத்த துணியில் எழுத்து விழும். ஒன்று அடித்தாலும் ஆயிரம் அடித்தாலும் ஒரே எழுத்து. மதுரையில் அச்சாபீசுக்கா பஞ்சம்? ஆனால் அவை எல்லாம் காகிதத்துக்கு. பையிலும் துண்டிலும் எழுத்து வேண்டுமென்றால் காளவாசலில் நல்லகாமன் வீட்டு மாடிப்படிதான் ஏற வேண்டும். 'வெயிலச்சு நல்லகாமன்' என்றே அவனுக்குப் பெயர் விழுந்தது.

எவ்வளவு நேரம் வெயிலில் காட்டுவது என்பதில்தான் சூட்சுமம். குறைந்தால் மொத்தமும் கழுவிக்கொண்டு போகும். கூடினால் பொடி எழுத்தெல்லாம் அடைத்துக்கொள்ளும். நல்லகாமன் கண்ணாடியை வெயிலில் வைத்த கையோடு ஒரு வெற்றிலையை மடித்து வாயில் போடுவான். மென்று மென்று நாக்கு நுனி சிவந்து, துப்புகிற பதம் வந்ததும் சட்டத்தை எடுத்துவிடுவான். ஒரு வெற்றிலை நேரம், அவ்வளவுதான். சித்திரை வெயிலுக்கு முக்கால் வெற்றிலை. மார்கழிக்கு ஒன்றேகால்.

அந்தக் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தவள் அவன் பெண்டாட்டி ஒச்சாயி. தன் நாக்கைத் தானே பார்ப்பது லேசான காரியமா? கண் மாறுகண் ஆகிவிடும். ஒச்சாயி அடுப்பு வேலையைப் போட்டுவிட்டு மாடிக்கு வந்து, இடுப்பில் கை வைத்து நிற்பாள்.

"ஏங்க, நாக்கைக் காட்டுங்க."

"ஆ..."

"இன்னும் செவக்கலை. மெல்லுங்க."

கொஞ்ச நேரம் கழித்து, "போதும், துப்புங்க. சட்டத்தை எடுங்க" என்பாள். அவள் சொல்லி எடுத்த சட்டம் ஒன்றாவது கெட்டது கிடையாது. காளவாசலில் எந்தப் பெண்டாட்டியும் புருசன் நாக்கை அவ்வளவு அக்கறையாகப் பார்த்ததில்லை.

எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பட்டுத்துணியில்தான் சனியன் பிடித்தது.

கைவசம் இருந்த பட்டு நைந்துபோனதும் மாவுச் சல்லடைத் துணியில் அடித்துப் பார்த்தான். எழுத்தெல்லாம் ரம்பப்பல்லாக வந்தது. மல் துணியில் மை இறங்காமல் ஊறிப் பரவியது. ஒருநாள் மாடிக் கொடியில் ஒச்சாயியின் பட்டுச்சீலை காய்ந்தது. அவள் கல்யாணத்துக்கு அவளுடைய அய்யா எடுத்துக் கொடுத்த தாய்வீட்டுச் சீலை. அதன் வழியாக வெயில் தரையில் விழுந்ததை நல்லகாமன் பார்த்தான். இழை ஒவ்வொன்றும் எண்ணுகிற மாதிரி தனித்தனியாகத் தெரிந்தது. அதற்கப்புறம் அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

வெட்டிவிட்டான் ஐயா! கொசுவத்துக்குள் மறைகிற பாகமாகப் பார்த்துத்தான் வெட்டினேன் என்று பிற்பாடு சத்தியம் பண்ணினான். இருக்கலாம். ஆனால் சீலை கட்டத் தெரியாத மனுசனுக்குக் கொசுவம் எங்கே வரும் என்று என்ன தெரியும்?

சித்தி மகள் வளைகாப்புக்குப் புறப்பட்ட ஒச்சாயி பெட்டியைத் திறந்து, சீலையை எடுத்து உதறினாள். நடுவில் சதுரமாக ஒரு ஓட்டை. ஓட்டைக்கு அந்தப் பக்கம் அசடு வழியப் புருசன் முகம்.

"என்னங்க இது? சீலைக்குச் சன்னல் வச்சிருக்கீக?"

அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு காலில் விழுந்திருந்தால் கதை முடிந்திருக்கும். நம்ம ஆளுக்குத்தான் தொழிலைப் பற்றிப் பேச்சு வந்தால் முன்னும் தெரியாது பின்னும் தெரியாதே. முகமெல்லாம் பூரிப்பாக அவன் சொன்னான்: "ஒச்சாயி, இப்படி ஒரு மெல்லிசுத் துணி மதுரை பூராத் தேடுனாலும் கெடைக்காது. உங்கய்யா எடுத்துக் குடுத்த சீலைல மாவு சலிக்கலாம் பாத்துக்க!"

அவன் அதைப் புகழ்ச்சியாகத்தான் சொன்னான். ஒச்சாயியின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. சீலையை வெட்டினதைக்கூட அவள் பொறுத்திருப்பாள். அய்யாவைச் சொன்னதைப் பொறுக்கவில்லை. மகள் கல்யாணத்துக்குச் சல்லடை எடுத்தவர் என்றல்லவா ஆகிவிட்டது? சாயந்தர பாசஞ்சரில் சமயநல்லூருக்கு ஏறிவிட்டாள்.

அவளுடைய அய்யா பேயாண்டி சமயநல்லூரில் பெரிய சம்சாரி. கை கொஞ்சம் இறுக்கம், ரோசம் ரொம்ப அதிகம். சீலை கதையைக் கேட்டதும் குதியாய்க் குதித்தார். நேரே வைக்கோற்போருக்குப் போய் ஒரு துரும்பை உருவினார். அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. புருசனும் பெண்டாட்டியும் ஒத்து வரவில்லை என்றால் நாலு பேர் முன்னால் ஒரு துரும்பை நீட்டுவார்கள். வாங்கிக்கொண்டால் அன்றோடு கல்யாணம் அத்துப்போச்சு. பேயாண்டி அந்தத் துரும்பைக் காதுமடலில் செருகிக்கொண்டார். மருமகன் கண்ணில் படட்டும், நீட்டிவிடுகிறேன் என்று நாலு மாதம் அப்படியே திரிந்தார். இடையிடையே அதனால் பல்லும் குத்திக்கொண்டார் என்று கேள்வி.

நல்லகாமன் இரண்டு தடவை சமயநல்லூர் போனான். இரண்டு தடவையும் பேயாண்டியின் கை காதுக்குப் போனது. இவன் வந்த காலோடு ஸ்டேஷனுக்கு ஓடினான். நீட்டினால்தானே வாங்க வேண்டும்? கண்ணிலேயே படாவிட்டால்?

ஆனால் வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. சோறு குழைந்தது, குழம்பு கரிந்தது, அது போகட்டும். சட்டம் சட்டமாகக் கெட்டது. வெற்றிலையை மென்றுகொண்டே மாடியில் நிற்பான். 'நாக்கைக் காட்டுங்க' என்று சொல்ல ஆள் இல்லை. ஒருநாள் பழக்க தோசத்தில் படிக்கட்டுப் பக்கம் திரும்பி, "ஆ..." என்று வாயைத் திறந்துவிட்டான். அங்கே ஒரு காக்காய்தான் உட்கார்ந்திருந்தது. நல்லகாமனுக்கு அழுகை வந்துவிட்டது.

ஆவணி பிறந்ததும் ஒச்சாயியின் தம்பி காளை வந்தான். மீசையை முறுக்கிவிட்டுக்கொண்டு, தண்ணீர்கூடக் கேட்காமல் நின்றபடியே பேசினான்.

"மச்சான், தங்கச்சி முத்துத்தாய்க்குக் கல்யாணம். மாப்ள தேனூர் தவசி. தேங்காய், பழம் போட்டுக் குடுக்க மஞ்சப்பை வேணும்னு அய்யா சொல்லுறாரு. முந்நூறு. எழுத்துப் போட்டு வேணும். தேனூர்க்காரங்க அசந்து போகணுமாம்."

"என்னையவா கேட்டாரு?"

"அவரு எங்க கேட்டாரு? அக்காதான் சொல்லுச்சு. 'பையில எழுத்துப் போட மதுரையில ஒரே ஒரு ஆளுதான் இருக்காக'ன்னு சொல்லிட்டு உள்ள போயிருச்சு. அய்யா ஒரு நாப் பூராப் பேசலை. அப்பறம் சரின்னுட்டாரு. பை நல்லா வந்துச்சுன்னா கல்யாணத்தன்னைக்கே அக்காவைக் கையோட அனுப்பி வைப்பாராம்."

"நல்லா வரலேன்னா மாப்ள?"

காளை காதுமடலைத் தொட்டுக் காட்டினான்.

"எழுத்து என்னான்னு போடணும்?"

"'எங்க வீட்டுக் கல்யாணம்'னு போட்டு, அதுக்குக் கீழ முத்துத்தாய், தவசின்னு பெருசாப் போடணுமாம். வாரேன் மச்சான்."

ஐயோ, அதையே போட்டிருக்கலாமே! எங்க வீட்டுக் கல்யாணம். அதில் என்ன குறைச்சல்? ஆனால் பக்கத்து வீட்டு மாடியில் சுப்பராமன் வாத்தியார் நின்றிருந்தார். பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக் கொடுக்கிறவர். இரண்டு மாடிக்கும் நடுவில் இடுப்பளவுச் சுவர் ஒன்றுதான். வச்சிரப் பசை காய்ச்சுகிற நாற்றம் வந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடுவார். எழுத்து வேலை நடந்தால் சுவர் மேலேயே தொங்குவார். கடைப்பலகை, மாட்டுவண்டி, மருந்துப் புட்டி எதில் எழுத்து இருந்தாலும் உரக்கப் படிக்காமல் அவரால் தாண்டிப் போக முடியாது.

"ஏண்டா நல்லகாமா, நாலு ஊருக்குப் போற பையில 'எங்க வீடு'ன்னா போடுவா? அழகா 'எம் இல்லத் திருமணம்'னு போடு. பாக்கறவன் கையெடுத்துக் கும்பிடணும்."

"எம் இல்லத் திருமணம்." நல்லகாமன் ஒரு தடவை சொல்லிப் பார்த்தான். வாய்க்கு வெல்லமாகத்தான் இருந்தது. மாமனார் மெய்மறந்து போவார் என்று நினைத்தான். எண்ணெய்க் காகிதத்தை விரித்து, மேலே பொடி எழுத்தில் அந்த வரியை எழுதி, கடுகளவு கடுகளவாகப் புள்ளி வைத்தான். கீழே பொண்ணு மாப்பிள்ளை பெயரைக் கையகல எழுத்தில், பட்டாணி அளவு புள்ளியோடு எழுதினான்.

சட்டத்துக்கு எந்தத் துணி என்றுதான் யோசனை. மிச்சம் இருந்தது ஒரே ஒரு துண்டு. ஒச்சாயியின் சீலைத்துண்டு. அதைத் தொடவே அவனுக்குக் கை கூசியது. தொட்டுக் கும்பிட்டுவிட்டு இழுத்துக் கட்டினான்.

மறுநாள் காலை நல்ல வெயில், ஆனால் மேற்கே மேகம் கூடிக்கொண்டிருந்தது. சட்டத்தை மாடிக்குக் கொண்டுவந்து, காகிதம் வைத்து, கண்ணாடி போட்டு, ஒரு வெற்றிலையை மடித்து வாய்க்குள் தள்ளினான். பாதி மென்றிருப்பான். சுவருக்கு மேலே சுப்பராமனின் குடுமி தெரிந்தது.

"சாமி, ஒரு சந்தேகம்" என்று இவன்தான் வாயைக் கொடுத்தான். "'இல்ல' திருமணம்னாலே வெளங்குமே. நடுவுல அந்த 'த்' எதுக்கு? சும்மா எடத்தை அடைச்சுக்கிட்டு?"

சுப்பராமனுக்கு அது போதாதா? சுவரில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டார். "சும்மாவா? ஒற்று மிகும் இடம்டா அது! 'இல்லம்'ங்கறது மகரத்துல முடியறதோன்னோ? அந்த மகரம் கெட்டு, வல்லினம் மிகுந்து..." ஆரம்பித்தவர் பள்ளிக்கூட மணியையும் மறந்து நாலு உதாரணம் சொன்னார். பேச்சு நடுவில் தம்முடைய வெற்றிலைப் பெட்டியைத் திறந்து தாம் ஒன்று போட்டுக்கொண்டு, சுவருக்கு மேலே ஒன்றை நீட்டினார். இவனும் கேட்கிற சுவாரசியத்தில் வாயில் இருந்த சக்கையைத் துப்பிவிட்டு அதை வாங்கிப் போட்டுக்கொண்டான்.

"எழுத்துக்குப் புள்ளிதாண்டா உசிரு" என்று சுப்பராமன் முத்தாய்ப்பு வைத்தார். "ஒரு புள்ளி போச்சுன்னா அர்த்தமே குட்டிச்சுவர். ஞாபகம் வச்சுக்கோ." சொல்லிவிட்டு, "ஐயையோ, மணி ஆச்சே" என்று பள்ளிக்கூடத்துக்கு ஓடினார்.

நல்லகாமன் நாக்கை நீட்டிப் பார்த்தான். சிவந்திருந்தது. துப்பினான். சட்டத்தை எடுத்து வெந்நீரில் அலசினான். முத்துத்தாயும் தவசியும் பளிச்சென்று திறந்துகொண்டார்கள். மேல்வரியும் திறந்தது. அதற்குள் மேகம் தலைக்கு மேலே வந்துவிட்டது. பைகளை எல்லாம் அறைக்குள் அள்ளிப் போட்டுக்கொண்டு, கதவைச் சாத்திக்கொண்டு, இரண்டு நாள் விடாமல் அடித்தான். கயிறு கட்டி உள்ளேயே தொங்கவிட்டான். ஒவ்வொரு பையையும் படித்துப் பார்க்கத்தான் செய்தான். ஆனால் தான் எழுதியதைத் தானே படித்தால் இல்லாத புள்ளியும் கண்ணுக்குத் தெரியுமே! முந்நூறு பையிலும் 'எம் இல்லத் திருமணம்' என்றுதான் அவன் கண்ணுக்குத் தெரிந்தது.

கல்யாணத்தன்று விடியற்காலையில் மூட்டையோடு சமயநல்லூர் போய் இறங்கினான். பேயாண்டி பந்தல் வாசலில் நின்றிருந்தார். புது வேட்டி, புதுத் துண்டு, காதில் பழைய துரும்பு. மூட்டையைப் பிரித்து ஒரு பையை எடுத்தார். அவருக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. தடவிப் பார்த்தார். முகர்ந்து பார்த்தார். பிறகு காளையிடம், "தேனூர்க்காரன் பார்க்கட்டும்" என்றார். நல்லகாமனுக்குப் பாதி உயிர் வந்தது. ஒச்சாயி பெண்கள் கூட்டத்தில் இருந்தாள். அவன் பக்கம் திரும்பவே இல்லை. ஆனால் அவன் கண்ணில் படுகிற இடமாகப் பார்த்துத்தான் நின்றாள். அதை அவனும் கவனித்துக்கொண்டான்.

தாலி கட்டியாயிற்று. பந்தி நடந்தது. சுப்பராமனும் வந்திருந்தார். 'எம் இல்லம்' அவர் கொடுத்த வாசகம் அல்லவா, அதை நாலு ஊர் பார்க்கிற அழகைப் பார்க்காமல் இருப்பாரா? அவர் அங்கே சாப்பிட மாட்டார். ரயிலுக்கு நேரமாகிறது என்றதால், முதல் பையை மரியாதையாக அவர் கையில் கொடுத்தார் பேயாண்டி. தேங்காய், பழம், வெற்றிலை எல்லாம் போட்டு நிறைந்த பை.

சுப்பராமன் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். பழக்கப்படி பந்தல் முழுவதும் கேட்கிற குரலில் படித்தார்.

"எம... எம இல்லத் திருமணம்!"

பந்தலில் சத்தம் நின்றது. தவுல்காரன்கூட நிறுத்திவிட்டான்.

"சிவ சிவா!" என்றார் சுப்பராமன். "நல்லகாமா, 'எம்'முக்குப் புள்ளி எங்கடா? எமன் வீட்டுக் கல்யாணம்னு போட்டிருக்கியேடா!"

அப்புறம் கேட்கணுமா? மாப்பிள்ளையின் ஆத்தா மலையம்மாள் முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு நடுப்பந்தலுக்கு வந்தாள். "எமன் வீடா? எம் மகனை எமன் வீட்டுக்கா குடுத்திருக்கோம்? எலே தவசி, எந்திரிடா! பொண்ணு இங்கயே இருக்கட்டும், நம்ம போவோம்!" தவசி பாவம், மாலையும் கழுத்துமாக எழுந்திருக்கவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் அரைகுறையாக நின்றான். முத்துத்தாய் அழ ஆரம்பித்தாள்.

நல்லகாமன் பேயறைந்தவன் மாதிரி ஒரு பையை எடுத்துப் பார்த்தான். அப்போதுதான் அவன் கண்ணுக்குத் தெரிந்தது. பெயர்களில் பட்டாணிப் புள்ளி பத்திரமாக இருந்தது. மேல்வரியில் கடுகுப் புள்ளி ஒன்றுகூட இல்லை. வெயில் ஒரு வெற்றிலை நேரம் கூடுதலாக நின்று ஒவ்வொன்றாகத் தின்றிருந்தது.

பேயாண்டி காதிலிருந்து துரும்பை எடுத்தார். நாலு பேர் என்ன, முந்நூறு பேர் முன்னால் நீட்டினார்.

"வாங்கிக்கய்யா. இன்னையோட முடிஞ்சு போச்சு. எம் மக சீலையும் போச்சு, எம் மானமும் போச்சு."

நல்லகாமனுக்குக் கையும் ஓடவில்லை, வாயும் ஓடவில்லை. கடைசியில் வாய்தான் முந்திக்கொண்டது.

"ரெண்டாவது வெத்தலை போட்டுட்டேன் மாமா" என்றான்.

கூட்டத்தில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பயத்தில் மூளை குழம்பிவிட்டது என்று நினைத்தார்கள். அந்தப் பந்தலில் அந்த வார்த்தை ஒரே ஒருத்திக்குத்தான் விளங்கியது. ஒச்சாயி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள்.

"நாக்கை யாரு பாத்தது?" என்று கேட்டாள்.

"யாரும் பாக்கலை ஒச்சாயி. நாலு மாசமா யாரும் பாக்கலை."

ஒச்சாயி அவன் கையிலிருந்த பையை வாங்கினாள். "எந்தத் துணியில அடிச்சீக?"

"உஞ் சீலைதான். அது ஒண்ணுதான் மிச்சம் இருந்துச்சு. கும்பிட்டுட்டுத்தான் கட்டுனேன்."

"எங் கல்யாணச் சீலை வழியாவா எந் தங்கச்சி பேரு எறங்கியிருக்கு?" என்றாள் அவள். கண் கலங்கிப்போயிற்று. அதை மறைக்கிறதற்காகவோ என்னவோ, வெடுக்கென்று அய்யாவின் கையிலிருந்து துரும்பைப் பிடுங்கினாள். முத்துத்தாய் பக்கத்தில் கண்மைச் சிமிழ் திறந்தபடி இருந்தது. துரும்பின் நுனியை அதில் தோய்த்தாள். பையை மடியில் வைத்து 'எம'வில் 'ம'வுக்கு மேலே ஒரு கறுப்புப் பொட்டை வைத்தாள்.

"அத்தை" என்றாள் மலையம்மாளைப் பார்த்து, "இது திருஷ்டிப் பொட்டு. அச்சுல வரக் கூடாது. பொண்ணு வீட்டுப் பொம்பளை கையால, பைக்குப் பை வைக்கணும். அதுக்குத்தான் எடம் விட்டு அடிச்சிருக்காக. பட்டணத்துல இப்ப இதான் பழக்கம். சாமி, இப்பப் படிங்க."

சுப்பராமன் மறுபடி படித்தார். "எம் இல்லத் திருமணம்."

"எம்னா?" என்று கேட்டாள் மலையம்மாள், இன்னும் நம்பாமல்.

"எங்க வீட்டுதுன்னு அர்த்தம் அம்மா."

"அதை 'எங்க வீடு'ன்னு எழுதித் தொலைக்க வேண்டியதுதான?"

நியாயமாகப் பார்த்தால் அன்று அந்தப் பந்தலில் உருப்படியாகப் பேசியவள் மலையம்மாள்தான்.

ஆனால் பட்டணத்துப் பழக்கம் என்றதும் அவள் கோபம் இறங்கிவிட்டது. தேனூரில் யாருக்கும் இல்லாத பொட்டு தன் வீட்டுக்கு முதலில் வருகிறதே! "எனக்கு ரெண்டு பொட்டா வை ஆத்தா. கண்ணு ரொம்பப் படுற குடும்பம்" என்று பையை நீட்டினாள்.

"ஒரு எழுத்துக்கு ரெண்டு புள்ளி இலக்கணத்துலயே கிடையாதே!" என்று சுப்பராமன் அலறினார். யாரும் கண்டுகொள்ளவில்லை. அவளுக்குப் பின்னால் தேனூர்ச் சனம் வரிசை கட்டியது. தவுல்காரன் மறுபடி கொட்டினான்.

நூறு பை தாண்டியிருக்கும். மை தீர்ந்து, சட்டிக் கரியில் எண்ணெய் குழைத்து வேலை ஓடிக்கொண்டிருந்தது. சுப்பராமன் ஒரு பையை எடுத்துப் பார்த்துவிட்டு நெளிந்தார். "ஏம்மா ஒச்சாயி, 'இல்லத்'துல ரெண்டு புள்ளி, 'மணம்'கறதுல ஒரு புள்ளி, இன்னும் மூணு பாக்கி இருக்கே?"

"நான் எமனை வெரட்டியாச்சு சாமி" என்றாள் ஒச்சாயி, தலையைத் தூக்காமல். "மத்ததை நீங்க வைங்க. நீங்க குடுத்த வாசகந்தான?"

அவரும் உட்கார்ந்துவிட்டார் ஐயா! புள்ளியில்லாத எழுத்தை அப்படியே விட்டுவிட்டுப் போக அந்த மனுசனுக்கு மனசு வரவில்லை. கிடைத்த ஈர்க்குச்சியால் பைக்கு மூன்று புள்ளியாக வைத்துக்கொண்டே இருந்தார். ரயில் போயிற்று. அடுத்த ரயிலும் போயிற்று. கறுத்த விரலால் குடுமியைச் சொறிந்து சொறிந்து அவர் நெற்றியிலும் நாலைந்து திருஷ்டிப் பொட்டு விழுந்தது.

பேயாண்டி ஓரமாக நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். கை தானாகக் காதுக்குப் போய், அங்கே ஒன்றும் இல்லாமல் திரும்பி வந்தது. நல்லகாமன் மெல்ல அவர் பக்கத்தில் போனான். நாலு மாதமாகச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுவோம் என்று துணிந்தான்.

"மாமா, அன்னைக்கு வாய் தவறிச் சொல்லிட்டேன். நீங்க எடுத்துக் குடுத்தது நல்ல கனமான சீலை மாமா."

பேயாண்டி அவனை மேலும் கீழும் பார்த்தார். "அப்பறம் எப்படிய்யா அதுல மை எறங்குச்சு?"

நல்லகாமன் திருதிருவென்று முழித்தான். பேயாண்டி சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. துண்டை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "மலிவாக் கெடைச்சுச்சுய்யா, எடுத்துட்டேன்" என்றார் கடைசியில். "அவ ஆத்தாகிட்டச் சொல்லிராதே."

கடைசிப் பைக்குப் பொட்டு வைத்ததும் ஒச்சாயி துரும்பை அய்யாவிடம் நீட்டினாள். நுனி பிளந்து, பாதி வரை கரியேறி, கூழாகத் தொங்கியது. "இந்தாங்க உங்க துரும்பு."

"இதை வச்சு இனிப் பல்லுக்கூடக் குத்த முடியாது" என்று அவர் அதைத் தூர எறிந்தார்.

சாயந்தர வண்டியில் இரண்டு பேரும் எதிரும் புதிருமாக உட்கார்ந்திருந்தார்கள். ஒச்சாயி தன் துணிமணியை ஒரு மஞ்சப்பையில் திணித்து மடியில் வைத்திருந்தாள். நல்லகாமன் குனிந்து அதை வாசித்தான். அன்றிலிருந்து அவன் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்கிறான்.

"ஒச்சாயி, இதுக்குப் பொட்டு வைக்கலையே? இன்னும் எம இல்லம்னுதான இருக்கு?"

"இருக்கட்டும். இது நம்ம வீட்டுச் சொவத்துல மாட்டுறதுக்கு. இனி எஞ் சீலையில யாரு கத்திரி வைக்கிறாகளோ, அவுகளுக்கு எது எமன் வீடுன்னு தெரியணும்ல?"

நல்லகாமன் வாயெல்லாம் பல்லாகச் சிரித்தான். சந்தோசத்தில் கை தன்னால் இடுப்புக்குப் போய் வெற்றிலையை எடுத்தது. மடித்து வாயில் போட்டுக்கொண்டான். வண்டி வைகைப் பக்கம் திரும்பியபோது, இன்னொன்றை எடுக்கக் கை போயிற்று.

ஒச்சாயி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"முதல்ல நாக்கைக் காட்டுங்க" என்றாள்.